காக்ரெல்லா: தொடைக் கணுவை எண்ணிப் பெயர் எழுதலாமா?

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆய்வுகூடம் ஒண்டிலை மூண்டு போத்தலுக்குப் புதுச் சீட்டு எழுத வேணும். உள்ளுக்கு மிளகளவு உடம்பு, மயிர் மாதிரி நீண்ட கால்கள். பழைய சீட்டிலை "சிலந்தி, கண்டி" எண்டு மட்டும் கிடக்குது. முதுகுத் தகட்டின்ரை நடுவிலை ஒரு முள், இரண்டாம் காலின்ரை தொடையிலை இரண்டு கணு (மூட்டு மாதிரி வீங்கின இடம்). காக்ரெல்லா எண்டு எழுதலாமோ?

கருங்காலி:
முதலில் "சிலந்தி"யை விடுங்கள். இது ஒபிலியோன், சிலந்திக்கு உறவான வேறோர் எட்டுக்கால் விலங்கு. வீட்டு மூலையில் வலை கட்டித் தலைகீழாகத் தொங்கும் நெடுங்கால் சிலந்தியோடு இதைக் குழப்புகிறவர்கள் அதிகம். சிலந்திக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும். இதற்கு உடல் ஒரே கட்டி. நூற்சுரப்பியும் இல்லை, நஞ்சும் இல்லை. கண் இரண்டே இரண்டு, முதுகில் ஒரு சிறு மேட்டின் இருபுறமும். இரண்டாவது சோடிக் கால்தான் எல்லாவற்றிலும் நீளம். நடக்க அல்ல, தடவி அறிய.

வருணம் ஒபிலியோனெஸ், குடும்பம் ஸ்கிளெரோசோமாட்டிடே, உபகுடும்பம் காக்ரெல்லினே. காக்ரெல்லா என்ற சாதியை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) விலங்கியலாளர் ஸ்டோலிச்கா 1869இல் அமைத்தார். முதுகு முள்ளும் தொடைக் கணுவும் ஜேர்மன் ஆய்வாளர் ரோவர் தன் 1923ஆம் ஆண்டுப் பெருநூலில் சாதிகளைப் பிரிக்க எடுத்த அடையாளங்கள். உங்கள் விபரம் ஒத்துப்போகிறது. எழுதலாம்.

தும்பி:
எழுதக்கூடாது. ரோவரின் இணைக்கவர்ச்சுட்டி (படிக்குப் படி இரண்டிலொன்றைத் தெரிந்து பெயரை எட்டும் அட்டவணை) எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நான்கு காலின் தொடைக் கணுக்களையும் வரிசையாக 0-2-0-1 என்பதுபோல எழுதுவது, முள் எத்தனை என்று பார்ப்பது, புதுச் சேர்க்கை ஒன்று வந்தால் புதுச் சாதி. அதனால்தான் ஒரே ஓர் இனம் மட்டும் குந்தியிருக்கும் சாதிகள் இவ்வளவு. கணு எண்ணிக்கை ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். மாறுகிற ஒன்றை வேலியாக நட்டால், அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் நிற்பார்கள்.

2012இல் ஹெடின் குழுவினர் இக்குடும்பத்தின் டீ.என்.ஏ.யை ஒப்பிட்டார்கள். உறவு முறையைச் சொல்வதில் வகைப்பாட்டுப் பெயரைவிட, விலங்கு வாழும் புவியியல் பகுதியே நம்பகமாக இருந்தது. உபகுடும்ப எல்லைகளே நிற்காதபோது சாதிப்பெயரை எந்தத் துணிவில் எழுதுவது?

கருங்காலி:
அந்த முடிவை மறுக்கவில்லை. ஆனால் இன்று அறியப்பட்ட ஒபிலியோன் இனங்களில் ஏறத்தாழ மூன்றிலொன்றை விவரித்தவர் ரோவர். அவரது மாதிரிகள் பிராங்க்பேர்ட்டிலுள்ள செங்கன்பேர்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த விவரணங்களோடு ஒரு மாதிரியைப் பொருத்த வேண்டுமென்றால் அவர் எண்ணியதை நாமும் எண்ணித்தான் ஆகவேண்டும். கணு உறவைக் காட்டாது, சரி. பழைய பெயரைத் தேடிப் போகும் வழியைக் காட்டும்.

எண்ணும்போது பிழை வரும் இடம் ஒன்று. தொடையின் வெளிர் வளையத்தைக் கணு என்று எடுத்துவிடுவார்கள். காலை எதனோலில் அமிழ்த்தி, நுணுக்குக்காட்டியில் பக்கவாட்டாகப் பாருங்கள். கணுவென்றால் விளிம்பு வீங்கித் தெரியும். நிறம் மட்டுமென்றால் விளிம்பு நேராக ஓடும். இடது, வலது இரண்டையும் எண்ணித் தனித்தனியாக எழுதுங்கள்.

பனங்கூடல்:
ஒரு போத்தலிலை ஐஞ்சு உடம்பு. கால் முக்கால்வாசி கழண்டு அடியிலை கிடக்குது. எது எதின்ரை எண்டு தெரியேல்லை.

தும்பி:
அப்படியானால் அந்தப் போத்தலில் கணுக்கணக்கு முடிந்துவிட்டது. இவற்றின் கால் தொடை தொடங்கும் மூட்டிலேயே கழன்றுவிடும்; உயிரோடிருந்தாலும் திரும்ப முளைக்காது. கழன்று போவது கணு இருக்கும் அதே துண்டு. ஊகித்து ஒட்டாதீர்கள். உடலில் இன்னும் நிற்கும் தொடைகளை மட்டும் எண்ணுங்கள்.

மிச்சத்துக்கு ஆண்குறியைப் பாருங்கள். சிலந்தியில் இல்லாத உறுப்பு அது. இனம் பிரிக்கக் கணுவைவிடப் பலமடங்கு உறுதியானது. அடிப்பக்கத்து இனப்பெருக்க மூடியை நுண்ணிடுக்கியால் மெல்லத் தூக்குங்கள். திறக்கவில்லையென்றால் குஞ்சாக இருக்கலாம், வலிந்து கிழிக்க வேண்டாம். வெளியே எடுத்ததை இளஞ்சூட்டு இலற்றிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்தால் தெளியும். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரைந்துவிட்டு, சின்னக் குப்பியில் போட்டு அதே போத்தலுக்குள் திரும்ப வையுங்கள். வேறு இடத்தில் வைத்தால் ஒரு வருடத்தில் அது அநாதை.

கருங்காலி:
ஐந்தும் பெண்ணாக இருந்தால்? பழைய போத்தலில் ஒருகாலத்தில் போமலின் இருந்திருந்தால் டீ.என்.ஏ.யும் கைகொடுக்காது. அப்போது உங்களிடம் முள்ளும் கணுவும் தவிர வேறென்ன இருக்கிறது?

தும்பி:
இடப்பெயர் இருக்கிறது. புவியியல்தான் உறவைச் சொல்கிறது என்றால் அந்தச் சீட்டிலுள்ள "கண்டி" முள்ளைவிடப் பெறுமதி. பெண் மட்டும் இருந்தால் "காக்ரெல்லினே, சாதி தீர்மானிக்கப்படவில்லை" என்று நிறுத்துங்கள். அரைகுறைப் பெயரைவிட அது நேர்மை.

கருங்காலி:
நான் "காக்ரெல்லா, பரந்த பொருளில்" என்று எழுதி, கணுக்கணக்கையும் முள்ளையும் கீழே சேர்ப்பேன். தேடி வருபவர் எதைப் பார்த்துச் சொன்னோம் என்று காணட்டும். இதில் நாங்கள் இருவரும் ஒத்துவரப்போவதில்லை.

பனங்கூடல்:
சரி, கணக்கையும் எழுதுறன். "கண்டி" எண்டதைக் "கண்டி மாவட்டம்" எண்டு திருத்தட்டோ?

தும்பி:
வேண்டாம். எழுதியவர் நகரத்தைச் சொன்னாரா, முழு மலைநாட்டையும் சொன்னாரா என்று அந்தச் சீட்டில் இல்லை. உள்ளபடி பெயர்த்தெழுதுங்கள். பழைய சீட்டை எறியாமல் உள்ளேயே விடுங்கள்.

கருங்காலி:
இதில் தும்பியோடு நிற்கிறேன். புதுச் சீட்டு தடித்த தாளில், பென்சிலால். குமிழ்முனைப் பேனை மை எதனோலில் கரைந்து உடலிலும் ஊறும். திரவத்தை 75 முதல் 80 சதவீத எதனோலுக்கு மாற்றுங்கள். முழுச்செறிவில் போட்டால் உடல் மொறுமொறுத்து மிச்சக் காலும் கழன்றுவிடும். மூன்று போத்தலையும் ஒன்றாகக் கொட்டி இடம் மிச்சம் பிடிக்காதீர்கள்.