ஃபோகஸ் குரூப்ல (ஆய்வுக்காக சில பேர ஒண்ணா உக்கார வச்சு பேச வைக்கிறது) ஒரே அக்கா மட்டும் பேசுறாங்க, என்ன பண்ணலாம்?

எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) கடைசி வருஷம், பொண்ணுங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீ ஆனதுக்கப்புறம் (2021 மே) கிராமத்துல அவங்க போக்குவரத்து எப்படி மாறிருக்குன்னு ப்ராஜெக்ட். இடம் திருவண்ணாமலை பக்கம், செங்கம் ரோட்டுல ஒரு ஊரு. மகளிர் சுயஉதவிக் குழு மூலமா ஆளுங்கள கூப்பிட்டேன், இதுவரை மூணு ஃபோகஸ் குரூப் முடிச்சாச்சு, ஒவ்வொண்ணுலயும் 8 பேரு, 50 நிமிஷம், ஃபோன்லயே ரெக்கார்டிங்.

பிரச்சனை என்னன்னா குழுத் தலைவி அக்கா மட்டும்தான் பேசுறாங்க, மத்தவங்க "அக்கா சொன்னதுதாங்க"ன்னு முடிச்சுடுறாங்க. ஆனா முடிஞ்சு டீ குடிக்கும்போது பாருங்க, கண்டக்டர் திட்டுறது, கைய காட்டியும் பஸ் நிக்காம போறதுன்னு கொட்டுறாங்க, அப்ப ரெக்கார்டர் ஆஃப்!

வட்டமா உக்கார வச்சேன், வரிசையா ஒவ்வொருத்தரா கேட்டேன், அது ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி ஆயிடுச்சு. சீட்டுல எழுத சொன்னா பாதி பேருக்கு எழுத கூச்சம். பஸ்ல எங்கெல்லாம் போறீங்கன்னு படம் வச்சு புளியங்கொட்டைய போட சொன்னது மட்டும் நல்லா ஓடுச்சு, ஆனா ஏன்னு கேட்டதும் எல்லாரும் அக்கா மூஞ்சியத்தான் பாக்குறாங்க. தலைவி இல்லாம ஒருநாள் வச்சா அவங்க நாத்தனார் வந்து உக்காந்துட்டாங்க.

கைடு "நல்லா ப்ரோப் பண்ணும்மா"ன்னு (தோண்டித் தோண்டி கேளுன்னு) மட்டும் சொல்றார். இன்னும் ரெண்டு குரூப் பாக்கி, பத்து நாள்தான் இருக்கு. அந்த அக்கா தயவு இல்லாம ஊருக்குள்ளயே போக முடியாது, அதனால கேக்குறேன்: அவங்க மனசு நோகாம அவங்கள குரூப்புக்கு வெளிய வைக்க ஃபீல்டுல நீங்க என்ன செஞ்சீங்க?