கலைச்சொல்: மரபணுப் பிணைப்பா, மரபியல் ஒட்டுறவா?

அன்பின் ஐயா, வணக்கம். "Genetic correlation" என்பதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில், நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்.

> "மரபணுப் பிணைப்பு" என்றே வைத்துக்கொள்ளலாம். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார். பிணைப்பு என்றால் பாடநூல் படித்தவருக்கு மரபியலாளர் மார்கன் ஆராய்ந்த பழ ஈதான் நினைவுக்கு வரும்: ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ள மரபணுக்கள் சேர்ந்தே கடத்தப்படுவது. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: இரு பண்புகளின் மரபியல் பின்னணி எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலைப் (PTSD) பற்றி 2024-இல் வந்த பெரிய ஆய்வு, 12 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவை அலசி, மரபணுத்தொகையில் (genome, ஒருவரின் முழு மரபுத் தகவல்) அதோடு தொடர்புடைய 95 இடங்களைச் சுட்டியது. ஒட்டுறவுக் (correlation) கணக்கு அந்த 95-உடன் நிற்பதில்லை. தொகை முழுதும் சிதறிக் கிடக்கும் லட்சக்கணக்கான சிறு வேறுபாடுகளை எடுத்து, இந்த உளைச்சலின் வாய்ப்பைக் கூட்டுபவை மனச்சோர்வின் வாய்ப்பையும் கூட்டுகின்றனவா என்று பார்க்கிறது. விடை -1 (முற்றும் எதிர்த்திசை) முதல் +1 (முற்றும் ஒரே திசை) வரை. மனச்சோர்வோடு அது நேர்க்குறியில், நன்றாகவே உயர்ந்து நிற்கிறது.

> "மரபணுப் பகிர்வு"?

எதிர்க்குறி வந்ததும் விழுந்துவிடும். இந்த உளைச்சலுக்கும் கல்வி கற்ற ஆண்டுகளுக்கும் இடையே எதிர்க்குறி கண்ட ஆய்வுகள் உண்டு. "எதிர்ப் பகிர்வு" என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? புள்ளியியலிலோ நேரிடை ஒட்டுறவு, எதிரிடை ஒட்டுறவு, ஒட்டுறவுக் கெழு (அதன் அளவைச் சொல்லும் எண்) என ஒரு குடும்பமே தயாராக இருக்கிறது. முன்னே "மரபியல்" போதும். "மரபணு" வேண்டாம், இந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவை மரபணுக்களின் புரதக் குறிப்பகுதிகளுக்கு வெளியேதான் கிடக்கின்றன.

---

தம்பி, ஒட்டுறவுக்கு என் ஒப்புதல். நோயின் பெயரில் மட்டும் ஒரு சொல்: இலங்கை மனநல நூல்களில் "மனவடு" நெடுங்காலமாக வழங்குகிறது. உங்கள் நாலு சொல் தொடரைவிட அது நாவில் நிற்கும், அடைப்புக்குள்ளாவது போடுங்கள்.

"உறவு" என்று கண்டதும் "ரத்தத்திலேயே இருக்கிறது" என்று முடிவுகட்டுவோர் உண்டு. வியட்நாம் போர்க்கால அமெரிக்கப் படைவீரர்களான இரட்டையர்களை ஆராய்ந்த 1993 ஆய்விலேயே, இந்நோயின் அறிகுறிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் மரபின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடுதான். ஆகவே விளக்கத்தில் காரணம் பற்றியும் ஒரு வரி வேண்டும். என் வரைவு:

மரபியல் ஒட்டுறவு (பெ.): இரு பண்புகள்மீது மரபணுத்தொகை வேறுபாடுகள் செலுத்தும் விளைவுகள் எந்த அளவுக்கு ஒரே திசையிலோ எதிர்த்திசையிலோ செல்கின்றன என்பதன் அளவு. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இது காட்டாது.

"பண்பு" இருக்கட்டுமா, "இயல்பு" என்று மாற்றலாமா? நோயைப் பண்பு என்று எழுதக் கை கூசுகிறது.