புதுப்பிப்பு: மகளின் ஏர் ரைபிள் எடை

எட்டாவது படிக்கும் மகளின் 10 மீட்டர் ஏர் ரைபிளில் எடையைக் குறைக்க வழி கேட்டிருந்தேன். விதி 5.5 கிலோ வரை விடுகிறது, எங்களுடையது 4.8. அவள் தோளுக்கு அதுவே பாரம்.

நீங்கள் மாற்றச் சொன்ன அலுமினியக் கட்டையின் (குழலைத் தாங்கி, தோளில் அணைக்கும் உடற்பகுதி) விலையைக் கேட்டதும் தண்டையார்பேட்டை வெயிலிலும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. சரி என்று குழல் முனையில் இருந்த மூன்று எடை வளையங்களையும் கழற்றினோம். இலகுவானது, ஆனால் முனை ஆட்டம் போட்டது. இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், ஆட்டம் தாங்குமா? ஒன்றைத் திரும்ப மாட்டினோம்.

அப்புறம்தான் ரைபிளுக்கு அழுத்தக் காற்று தரும் இரும்பு சிலிண்டரில் பொறித்திருந்த தயாரிப்பு ஆண்டைக் கவனித்தேன்: 2014. பத்து வருடம் தாண்டினால் போட்டியில் விடமாட்டார்கள். இதை ஒருத்தரும் சொல்லவில்லையே! அலுமினிய சிலிண்டர் வாங்கியாயிற்று. அதிலேயே எடையும் இறங்கிவிட்டது.