பெரியப்பாவின் சுட்டி, பதினொரு மணி தட்கல்

குழு: கோட்டைவாசல் குடும்பம்

(பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். குழுவில் யாராவது கொச்சையாக எழுதினால் சிவப்பு மை இல்லாத குறையாகத் திருத்தி அனுப்புவார். அதனால் எல்லோரும் பரீட்சைத் தாள் எழுதுவது போலத்தான் எழுதுவோம். போன வாரம் ஒரு காலையில் நடந்தது இது.)

செங்கோட்டைப் பெரியப்பா, 8.42: யாராவது இருக்கிறீர்களா? என் சுட்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது. வடக்கே தள்ளினால் கிழக்கே போகிறது. நடுவில் கல்லாய்ச் சமைந்து நின்றுவிடுகிறது. இன்று 11 மணிக்கு, நாளைய பொதிகை ரயிலுக்குத் தட்கல் சீட்டு எடுக்க வேண்டும்.

பிரானூர் மாமா, 8.44: அத்தான், மவுஸுக்கு மவுசு போய்விட்டது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

செங்கோட்டைப் பெரியப்பா, 8.45: தென்காசியில் கடை திறக்கவே 10 மணி ஆகும். மேலும் அதன் பெயர் சுட்டி.

பிரானூர் மாமா, 8.45: சுட்டித்தனம் செய்வதால் பெயர் பொருத்தம்தான்.

சென்னை அண்ணன், 8.47: அப்பா, நான் இங்கிருந்தே எடுத்துத் தருகிறேன்.

செங்கோட்டைப் பெரியப்பா, 8.48: வேண்டாம். போன முறை நீ எடுத்ததில் உன் அம்மாவுக்கு மேல் படுக்கை. முழங்கால் வலியோடு ஏணி ஏறினாள்.

சென்னை அண்ணன், 8.48: அது நான் கொடுத்த படுக்கை இல்லை அப்பா.

புனலூர் அத்தை, 8.51: கைப்பேசியில் எடுக்கலாமே அண்ணா?

செங்கோட்டைப் பெரியப்பா, 8.52: அதில் என் பெயரையே எனக்குச் சரியாக அடிக்க வரவில்லை. பெரிய திரைதான் எனக்கு.

புனலூர் அத்தை, 8.53: எங்கள் அச்சகத்தில் ஒரு மவுஸ் சும்மா கிடக்கிறது. பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம் என்றால், அது ஆரியங்காவு ஏறி இறங்குவதற்குள் தட்கல் முடிந்துவிடும்.

நான், 8.55: பெரியப்பா, எப்போதிலிருந்து இப்படி?

செங்கோட்டைப் பெரியப்பா, 8.56: போன வெள்ளிக்கிழமையிலிருந்து.

நான், 8.56: வெள்ளிக்கிழமை அந்த மேசையில் ஏதாவது மாறியதா?

செங்கோட்டைப் பெரியப்பா, 8.57: ஒன்றும் மாறவில்லை.

பெரியம்மா, 8.58: ஏன் மாறவில்லை? முருகன் அட்டையை நான் எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தேன். பழைய தினசரி காலண்டர் அட்டை. பண்பொழி திருமலைக் குமாரசாமி படம். அவர் முகத்தின் மேலேயே இவர் தினமும் அந்த எலியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிருத்திகை விரதம் இருக்கிற வீடா இது?

நான், 9.01: அப்படியானால் இப்போது சுட்டி எதன் மேல் ஓடுகிறது?

செங்கோட்டைப் பெரியப்பா, 9.02: மேசைக் கண்ணாடி மேல். அடியில் நம் கல்யாணப் புகைப்படங்கள் எல்லாம் வைத்திருக்கிறேனே, அதுதான்.

நான், 9.06: ஒரு பேய் பிடிபட்டது. சுட்டியின் வயிற்றில் மிகச் சிறிய கேமரா ஒன்று இருக்கிறது. விநாடிக்கு 1,000 படங்களுக்கு மேல் எடுத்து, முந்தின படத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்கிறது. அதற்குத் தரையில் ஏதாவது சொரசொரப்பு, புள்ளி, இழை தெரிய வேண்டும். கண்ணாடியில் வெளிச்சம் ஊடுருவிப் போய்விடுகிறது, அல்லது பளிச்சென்று எதிரொளிக்கிறது. பாவம், அதற்குத் திக்குத் தெரியவில்லை.

பிரானூர் மாமா, 9.07: முருகன் அட்டையையே திருப்பிப் போட்டால் என்ன?

பெரியம்மா, 9.07: முருகன் குப்புற விழுவார் தம்பி.

நான், 9.08: பழைய நோட்டு அட்டை போதும் பெரியப்பா. வழவழப்பில்லாமல் இருந்தால் சரி. அப்படியே சுட்டியைக் கவிழ்த்து, கேமரா ஓட்டையில் முடி, தூசி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் படக் கூடாது.

செங்கோட்டைப் பெரியப்பா, 9.15: பூனை முடி ஒன்று சுருண்டு கிடந்தது. எடுத்துவிட்டேன். இப்போது சொன்ன திசையில் போகிறது. ஆனால் இன்னும் விக்கி விக்கித்தான் நகர்கிறது.

புனலூர் அத்தை, 9.17: அந்தக் காலத்து மவுஸில் அடியில் ரப்பர் உருண்டை இருக்கும். உள்ளே சின்ன உருளைகளில் அழுக்கு நாடா போலச் சுற்றியிருக்கும். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும், பிறகு புதுசு போல ஓடும். அந்தச் சுகம் இதில் இல்லை.

பிரானூர் மாமா, 9.20: எல்லாம் சாரல் செய்கிற வேலை. என் மரக்கடையில் பலகையே ஊறிப்போய்க் கிடக்கிறது. இரண்டு தட்டுத் தட்டுங்கள், சரியாகும்.

நான், 9.21: தட்ட வேண்டாம். பெரியப்பா, கணினியின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

செங்கோட்டைப் பெரியப்பா, 9.33: (படம்)

நான், 9.36: அந்தக் கறுப்புப் பெட்டி என்ன? கம்பியில்லாச் சுட்டியின் குட்டி ரிசீவருக்கு ஒட்டினாற்போலச் செருகியிருக்கிறதே?

சென்னை அண்ணன், 9.38: என் ஹார்ட் டிஸ்க். கல்யாணப் படங்கள் முழுவதும் அதில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை நான்தான் செருகினேன். ஊருக்குக் கிளம்பும்போது எடுக்க மறந்துவிட்டேன்.

நான், 9.39: ஒன்றும் மாறவில்லை என்றீர்களே பெரியப்பா!

செங்கோட்டைப் பெரியப்பா, 9.40: மேசையில் மாறியதா என்றுதான் கேட்டாய். இது மேசைக்கு அடியில்.

நான், 9.46: இரண்டாவது பேய் அதுதான். உங்கள் சுட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகிறது. உள்ளே நீல நாக்கு தெரிகிற யுஎஸ்பி 3.0 துளையும், அதில் செருகும் டிஸ்க்கும், அதன் கம்பியும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். 2012இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. சந்தைக் கூச்சலுக்கு நடுவே ரகசியம் பேசினால் பாதிதான் கேட்கும், அந்தக் கதைதான். ரிசீவரைப் பிடுங்கி, முன்பக்கத்தில் கறுப்பு நாக்கு உள்ள துளையில் செருகுங்கள். சுட்டிக்கும் அது கிட்டே.

செங்கோட்டைப் பெரியப்பா, 9.47: டிஸ்க்கைத் தொட்டால் கல்யாணப் படங்கள் அழிந்துவிடாதே?

நான், 9.47: டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். ரிசீவரை மட்டும் இடம் மாற்றுங்கள்.

செங்கோட்டைப் பெரியப்பா, 9.58: ஆகா. வெண்ணெயில் இறங்கிய கத்தி போல ஓடுகிறது!

பிரானூர் மாமா, 10.02: நான் சொன்ன சாரலுக்கு ஒரு மரியாதையும் இல்லை.

நான், 10.04: மாமா, உங்களுக்கு ஒரு செய்தி. உலகின் முதல் மவுஸ் மரத்தில்தான் செய்யப்பட்டது. 1964, அமெரிக்காவில். எங்கெல்பார்ட் என்பவர் யோசித்தது. மரக்கட்டைக்கு அடியில் இரண்டு சக்கரங்கள்.

பிரானூர் மாமா, 10.05: அப்படிச் சொல். தேக்கில் ஒன்று இழைத்துத் தரட்டுமா அத்தான்?

செங்கோட்டைப் பெரியப்பா, 10.07: 1964இல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எங்கள் வீட்டில் மின்சாரமே கிடையாது, அவர்கள் சுட்டி செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்!

செங்கோட்டைப் பெரியப்பா, 10.31: இன்னொரு தொல்லை. ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. பயணிகள் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தால் இரண்டு வரிசை திறக்கிறது.

புனலூர் அத்தை, 10.33: இது எனக்குத் தெரியும். அச்சகத்தில் ஒரு எழுத்தின் பக்கத்தில் அழுத்தினால் சொல் முழுவதும் நீலமாகிவிடும். இடது பொத்தான் தேய்ந்துவிட்டது அண்ணா. உள்ளே செம்புத் தகடு ஒன்று வளைந்து நிமிரும், அது தளர்ந்து துள்ளுகிறது.

செங்கோட்டைப் பெரியப்பா, 10.34: வாங்கி நான்கு ஆண்டுகள்தானே ஆகின்றன? நான் அப்படி என்ன அழுத்திவிட்டேன்?

பெரியம்மா, 10.35: மதியம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரை சீட்டாட்டம். மதினி, நீங்களே வந்து எண்ணிப் பாருங்கள்.

நான், 10.37: இது மருந்தில்லாத நோய், பொத்தானையே மாற்ற வேண்டும். இன்றைக்குத் தப்பிக்க ஒரு வழி உண்டு. செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போய், முதன்மைப் பொத்தான் வலது என்று மாற்றுங்கள். வலது பொத்தான் அதிகம் உழைக்காதது, திடமாக இருக்கும். இனி நடுவிரல்தான் அழுத்த வேண்டும்.

செங்கோட்டைப் பெரியப்பா, 10.44: மாற்றிவிட்டேன். இடது கையால் சாப்பிடுவது போல இருக்கிறது. ஆனால் வேலை செய்கிறது.

செங்கோட்டைப் பெரியப்பா, 10.52: செத்துவிட்டது.

நான், 10.52: எது?

செங்கோட்டைப் பெரியப்பா, 10.52: சுட்டி. அடியில் எரிந்த சிவப்பு விளக்கும் அணைந்துவிட்டது.

நான், 10.53: பேட்டரி எப்போது மாற்றினீர்கள்?

செங்கோட்டைப் பெரியப்பா, 10.53: நேற்று இரவு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பேட்டரிதான்.

பெரியம்மா, 10.54: எங்கே ஓடிக்கொண்டிருந்தது? கூடத்துக் கடிகாரம் ஏன் 9.20இல் நிற்கிறது? இன்னும் நேரம் இருக்கிறதே என்று நான் உலை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நான், 10.54: கடிகாரத்துப் பேட்டரியா! அது சொட்டுச் சொட்டாகக் குடிப்பது பெரியப்பா. முக்கால்வாசி தீர்ந்த பேட்டரியிலும் கடிகாரம் மாதக்கணக்கில் ஓடும். சுட்டிக்கு அது பற்றாது.

சென்னை அண்ணன், 10.55: அப்பா, நான் எடுக்கட்டுமா?

செங்கோட்டைப் பெரியப்பா, 10.55: நீ சும்மா இரு.

நான், 10.56: இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம் லாக் (Num Lock). மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பெட்டி வரும், என்டர் தட்டுங்கள். வலது ஓரத்து எண் விசைகளே இனி சுட்டி. 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது, நடுவில் 5 அழுத்தினால் கிளிக். கட்டத்துக்குக் கட்டம் தாவ டேப் விசை.

செங்கோட்டைப் பெரியப்பா, 10.58: எறும்பு போல ஊர்கிறது. ஆனால் ஊர்கிறது.

(11.00 முதல் 11.08 வரை குழுவில் ஒருவரும் மூச்சு விடவில்லை.)

செங்கோட்டைப் பெரியப்பா, 11.09: கிடைத்துவிட்டது! இரண்டும் உறுதி! சுட்டியே இல்லாமல்!

பிரானூர் மாமா, 11.10: அப்படியானால் தேக்கு வேண்டாமா?

புனலூர் அத்தை, 11.10: மதினி, சர்க்கரை போட்டுக் காபி கொடுங்கள் அண்ணாவுக்கு.

பெரியம்மா, 11.11: கொடுக்கிறேன். எனக்கு எந்தப் படுக்கை என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.

செங்கோட்டைப் பெரியப்பா, 11.13: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.

சென்னை அண்ணன், 11.14: அப்பா?