வாடைக்காற்றில் மரக்காணம் வழி: பைக்கில் போனவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த வாரம் நானும் வீட்டுக்காரரும் கடலூரிலிருந்து புதுச்சேரி, மரக்காணம் வழியாக மாமல்லபுரத்துக்கு 150 சிசி பைக்கில் கிளம்புகிறோம். கார்த்திகை மாதம், வாடைக்காற்று வலது முன்பக்கமிருந்து அடிக்கும். ஊருக்குள் வீடும் மரமும் தடுத்துவிடும். மரக்காணம் உப்பளப் பக்கம்தான் கவலை, வெறும் வெட்டவெளி.

அங்கே வண்டி லேசாக வலப்பக்கம் சாய்ந்தபடியே ஓடும். எதிரே பஸ் வந்தால் ஒரு நொடி காற்று நின்றுபோகும். சாய்ந்த வண்டி பஸ் பக்கமே இழுக்கும். பஸ் தாண்டியதும் பளார் என்று ஓர் அறை, இடது ஓரத்து மணலில் கொண்டுபோய்த் தள்ளும். அதனால் வேகம் 50க்குள்தான். காற்றைப் பிடிக்கிற டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கப் பைகளிலும் சமமாக எடை போடுகிறோம். டயரில் காற்று முன்னே 25, பின்னே 33 பிஎஸ்ஐ. துப்பட்டா வேண்டவே வேண்டாம், சங்கிலியில் சிக்கும்.

இனி கேள்வி. உப்பளத்தைக் காலை ஏழுக்குள் தாண்டினால் காற்று அடங்கியிருக்குமா? சாலையில் மணல் ஏறிக் கிடப்பது எந்த இடத்தில்? மழையும் சேர்ந்துகொண்டால் மரக்காணத்திலேயே திண்டிவனம் சாலைக்குத் திரும்பிவிடலாமா? சமீபத்தில் போனவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.