பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார்களாம்

குழு: கீழத்தெரு சொந்தபந்தம்
மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை

காலை 6:48
டீக்கடை முருகன்: நம்ம பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார்களாம். ஜூனில் இருந்து பிள்ளைகள் எல்லாம் பக்கத்து ஊருக்குத்தான் போகணுமாம்.

ராசாத்தி: யார் சொன்னது

டீக்கடை முருகன்: அலங்காநல்லூர் பஸ்ஸில் வந்த ஒருத்தர்

ராசாத்தி: பேர் என்ன

டீக்கடை முருகன்: தெரியாது மதினி. டீ குடித்தார், சொன்னார், போய்விட்டார். காசும் கொடுக்கவில்லை.

திருப்பூர் கார்த்தி: அய்யய்யோ. நான் படித்த பள்ளிக்கூடம்

டீக்கடை முருகன்: நீ எங்கே படித்தாய், வேப்பமரத்தில்தானே இருந்தாய்

செல்வி அத்தை: குழாயில் தண்ணி வந்துருச்சா. யாராச்சும் சொல்லுங்கப்பா

மகேசு: இன்னும் இல்லை அத்தை

பாண்டி சித்தப்பா: எங்க தாத்தா கொடுத்த இடம் அது. மூடுவதாக இருந்தால் இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

டீக்கடை முருகன்: ஆரம்பித்துவிட்டார்

சோலை மாமா: இடம் யார் கொடுத்தது என்று வாசலில் கல்வெட்டே இருக்கிறது. அதில் இரண்டு பேர் பெயர் உண்டு.

பாண்டி சித்தப்பா: அந்த இரண்டாவது பெயர் பிறகு வெட்டியது. அதன் மேல் சுண்ணாம்பு அடித்ததும் யார் என்று ஊருக்கே தெரியும்.

சோலை மாமா: சுண்ணாம்பு அடித்தது பஞ்சாயத்து. என்னைக் கேட்காதே.

ராசாத்தி: பெரியவங்களே, கல்வெட்டை அப்புறம் பார்க்கலாம். டீச்சரை இந்தக் குழுவில் சேர்க்கிறேன். பார்த்துப் பேசுங்கள்.

*ராசாத்தி, ஹெச்.எம். டீச்சரைச் சேர்த்துள்ளார்*

டீக்கடை முருகன்: வணக்கம் டீச்சர்

திருப்பூர் கார்த்தி: வணக்கம் டீச்சர்

பாண்டி சித்தப்பா: வணக்கம் டீச்சர்

செல்வி அத்தை: வணக்கம் டீச்சர். அங்க தண்ணி வருதா

காலை 7:20
ஹெச்.எம். டீச்சர்: எல்லாருக்கும் வணக்கம். மூடச் சொல்லி எந்த உத்தரவும் எங்களுக்கு வரவில்லை. ஆனால் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மொத்தம் 17 பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு முடித்து 5 பேர் போகிறார்கள். மிச்சம் 12. ஒன்றாம் வகுப்புக்கு மார்ச்சில் இருந்து வீடு வீடாக வந்து கேட்டோம். இதுவரை 2 பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

ராசாத்தி: காலையில் வருகிற தனியார் பள்ளி வேனில் நம்ம ஊரில் இருந்து மட்டும் 21 பிள்ளைகள் ஏறுகிறார்கள். நானே நின்று எண்ணினேன்.

டீக்கடை முருகன்: 22. பின் சீட்டில் ஒன்று படுத்திருக்கும்

காலை 7:41
வாத்தியார் பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். வதந்தியை நம்ப வேண்டாம், அதற்காக அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். சில விவரங்களைச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். நம் ஊரில் 14 பேர் என்றாலும் இரண்டு பேர்தான், 60 பேர் என்றாலும் இரண்டு பேர்தான். ஆகவே பிள்ளைகள் குறைவு என்பதற்காகப் பாடம் கெட்டுப்போவதில்லை. உண்மையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிகக் கவனம் கிடைக்கும். அடுத்தது, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்து ஊர் பள்ளி நம் மந்தையில் இருந்து இரண்டரைக் கிலோமீட்டர், நடுவில் கம்மாய்க்கரை. ஆனால் பிள்ளையே இல்லாவிட்டால் இந்தச் சட்டம் ஒன்றும் கைகொடுக்காது. 2019இல் ஒரு பிள்ளைகூட இல்லாத சில பள்ளிகளை நூலகமாக மாற்றினார்கள். கட்டடம் இருந்தது, பள்ளி இல்லை. மூன்றாவதாக, பள்ளி மேலாண்மைக் குழு

வாத்தியார் பெரியப்பா: மன்னிக்கவும், கைதவறி அனுப்பிவிட்டேன். தொடர்கிறேன்.

டீக்கடை முருகன்: பெரியப்பா இன்னும் மூச்சு விடவில்லை

வாத்தியார் பெரியப்பா: அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள் என்பது சட்டம். நம் தமிழ்நாட்டில் தலைவராக ஒரு தாய்தான் இருக்கிறார். முன்னாள் மாணவர்களுக்கும் இப்போது இடம் உண்டு. ஆகவே பள்ளி சரியில்லை என்று நாம் யாரிடமும் போய்ப் புகார் சொல்ல முடியாது. அந்தக் குழுவே நாம்தான். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர். ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு போட்டார்கள். பெஞ்சு, மணி, குடம், சீருடை என்று ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் அப்பா ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்.

சோலை மாமா: அந்தக் கடிகாரம் இப்போது உங்கள் வீட்டில்தானே இருக்கிறது அண்ணே

வாத்தியார் பெரியப்பா: பழுது பார்க்கக் கொண்டுவந்தது.

சோலை மாமா: எப்போது

வாத்தியார் பெரியப்பா: 1998.

திருப்பூர் கார்த்தி: சிரித்துச் சிரித்து மேஸ்திரி திட்டுகிறார்

திருப்பூர் கார்த்தி: அரசுப் பள்ளியில் படித்தால் டாக்டருக்குத் தனி ஒதுக்கீடு உண்டே, அதைச் சொல்லி நோட்டீஸ் அடித்தால் வருவார்களே. 7.5 சதவீதம்

வாத்தியார் பெரியப்பா: அது 2020இல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தவறாகச் சொல்லிப் பிள்ளை சேர்க்கக் கூடாது.

திருப்பூர் கார்த்தி: சரி பெரியப்பா

காலை 8:15
செல்வி அத்தை: என் வெள்ளாட்டுக் குட்டியக் காணோம். இடது காதுல கறுப்பு மச்சம். யாராச்சும் பார்த்தீங்களா

டீக்கடை முருகன்: தண்ணி தேடிப் போயிருக்கும்

ராசாத்தி: நான் ஒன்று சொல்கிறேன். இந்த ஊரில் பாதி வீட்டில் பொம்பளைகள் விடிகாலை மூணு மணிக்குப் பூப்பறிக்கப் போகிறோம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு வண்டி கிளம்புவதற்குள் மல்லிகை மூட்டை கட்டியாகணும். பிள்ளைக்கு எதை ஆக்கிக் கொடுப்பது? முன்பெல்லாம் பழைய சோறு, இல்லையென்றால் அஞ்சு ரூபாய் பிஸ்கட்டு. இப்போது பள்ளிக்கூடத்தில் காலையிலேயே சூடாகச் சாப்பாடு. வேனில் போகிற பிள்ளைகள் ஏழு மணிக்கே வெறும் வயிறாக ஏறுகிறார்கள். டிபன் பாக்ஸ் திரும்பி வரும்போது அப்படியே இருக்கிறது.

வாத்தியார் பெரியப்பா: அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை சிம்மக்கல்லில்தான் தொடங்கினார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும்

டீக்கடை முருகன்: பெரியப்பா தேதி சொன்னால் தப்பாது. மதினி கல்யாண நாள் தவிர

வாத்தியார் பெரியப்பா: அதை இங்கே பேச வேண்டாம்.

பாண்டி சித்தப்பா: சாப்பாடு போட்டால் போதுமா. இங்கிலீஷ் வேண்டாமா. காலம் மாறிப்போச்சு.

ராசாத்தி: அண்ணே, உங்கள் தாத்தா கொடுத்த இடம். உங்கள் பேரன் எந்த வேனில் போகிறான்?

*எட்டு நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை.*

செல்வி அத்தை: ஆடு

காலை 8:34
ஹெச்.எம். டீச்சர்: பாண்டி ஐயா கேட்டது நியாயமான கேள்விதான். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை வகுப்பை வைத்து மட்டும் உட்கார வைப்பதில்லை. எந்த அளவுக்கு வாசிக்கிறார்கள் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். இங்கிலீஷும் அப்படித்தான். போன ஜூனில் அரும்பில் இருந்த மூன்று பேர் இப்போது மலரில் இருக்கிறார்கள். ஒரு நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் வந்தால் எங்களுக்கும் உற்சாகமாக இருக்கும்.

டீக்கடை முருகன்: நான் இன்னும் அரும்புதான் டீச்சர்

மகேசு: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

டீக்கடை முருகன்: தங்கச்சி, நான் படித்துவிட்டேன். தப்பில்லை, கேளு

திருப்பூர் கார்த்தி: என்னது என்னது

ராசாத்தி: முருகா, சும்மா இரு

மகேசு: பரவாயில்லை மதினி. டீச்சருக்குத் தனியாக அனுப்ப நினைத்தது இங்கே வந்துவிட்டது. பையனை நம்ம பள்ளிக்கூடத்துக்கே மாற்றலாம் என்று பார்க்கிறோம். இப்போது படிக்கிற தனியார் பள்ளியில் ஃபீஸ் 9,500 பாக்கி. கட்டினால்தான் டிசி என்கிறார்கள். வீட்டுக்காரர் வண்டிக்கு மூன்று மாதமாக லோடு இல்லை.

ஹெச்.எம். டீச்சர்: டிசி வரவில்லை என்பதற்காக நான் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாதும்மா. கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆதார், பிறப்புச் சான்றிதழ் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டாலும் பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எமிஸ் என்கிற ஆன்லைன் மாணவர் பதிவில் அவன் பெயரைப் பழைய பள்ளி காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு விட வேண்டும், அவ்வளவுதான். விடாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பி.இ.ஓ. ஆபீசில் நான் பேசிக்கொள்கிறேன். பாக்கி விஷயம் தனி, பிள்ளை படிப்பு தனி.

மகேசு: சரிங்க டீச்சர்

ராசாத்தி: 15

டீக்கடை முருகன்: என்ன மதினி 15

ராசாத்தி: பிள்ளைகள்

காலை 9:02
*டீக்கடை முருகன் ஒரு படம் அனுப்பியுள்ளார்*

டீக்கடை முருகன்: அத்தை, உங்கள் ஆடு. பள்ளிக்கூடத்துப் பொம்பளப் பிள்ளைகள் கக்கூசுக்குள் நிற்கிறது

செல்வி அத்தை: அடி பாவி. அங்க எப்படிப் போச்சு

டீக்கடை முருகன்: கதவில் தாழ்ப்பாள் இல்லை. முட்டினால் திறக்கிறது. உள்ளே காய்ந்த வேப்பிலையும் புழுக்கையும்தான். குழாயைத் திருகினேன், காற்றுதான் வருகிறது.

திருப்பூர் கார்த்தி: லீவு நாள் அண்ணே, அப்படித்தான் இருக்கும்

ஹெச்.எம். டீச்சர்: லீவுக்கு முன்பும் அப்படித்தான் சார். ஜனவரியில் மோட்டார் எரிந்தது. மனு கொடுத்திருக்கிறோம். அதற்குப் பிறகு பிள்ளைகள் அடிபம்பில் இருந்து வாளியில் தூக்கி வந்தார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காலையில் கொண்டுவருகிற தண்ணீர் பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே நிறைந்தபடி திருப்பிக் கொண்டுபோவாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். குடித்தால் அங்கே போகணுமே டீச்சர் என்றாள்.

மகேசு: யார் பிள்ளை டீச்சர்

ஹெச்.எம். டீச்சர்: யாராக இருந்தால் என்னம்மா.

சோலை மாமா: என் பேத்தி நாலாவதுதான்

சோலை மாமா: ஒரு வார்த்தை சொல்லவே இல்லை வீட்டில்

ராசாத்தி: பள்ளிக்கூடக் கூட்டத்தில் நான் மூன்று முறை சொன்னேன் மாமா. கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள்.

டீக்கடை முருகன்: என் கடைக்குத்தான் வந்தார்கள், ஒத்துக்கொள்கிறேன்

திருப்பூர் கார்த்தி: எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட எவ்வளவு ஆகும். நான் 3,000 போடுகிறேன். யார் நம்பருக்கு அனுப்ப

பாண்டி சித்தப்பா: போன முளைப்பாரிக்கு அனுப்பிய பணத்துக்கே இன்னும் கணக்கு வரவில்லை.

டீக்கடை முருகன்: சித்தப்பா, அது ரேடியோ செட்டுக்குப் போச்சு

பாண்டி சித்தப்பா: ரசீது?

டீக்கடை முருகன்: அவர் ரசீது கொடுக்கிற ஆளா

ராசாத்தி: பணம் யாரும் யாருக்கும் அனுப்ப வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம், அவரிடமே கொடுப்போம். கூட்டம் புதன்கிழமை சாயங்காலம் 5 மணி, வேப்பமரத்தடி. எல்லாரும் வரணும்.

செல்வி அத்தை: புதன் நம்ம வளைகாப்பு இருக்கே. மறந்துட்டியா

ராசாத்தி: அட ஆமா. அப்போ வியாழன்

டீக்கடை முருகன்: வியாழன் அமாவாசை

வாத்தியார் பெரியப்பா: அமாவாசை நல்ல நாள்தான்.

ஹெச்.எம். டீச்சர்: எனக்கு வியாழன் மதுரையில் பயிற்சி. முடிந்ததும் பஸ் பிடித்தால் ஆறு மணிக்கு வந்துவிடலாம். திரும்பிப் போகத்தான்...

மகேசு: இவர் வண்டியில் கொண்டுவந்து விடுவார் டீச்சர்

திருப்பூர் கார்த்தி: நான் வீடியோ காலில்

டீக்கடை முருகன்: நீ வேப்பமரத்திலேயே ஏறிக்கொள்

மதியம் 1:10
சோலை மாமா: தாழ்ப்பாள் வாங்கிவிட்டேன். அலங்காநல்லூரில். 90 ரூபாய். ஸ்க்ரூவும் வாங்கினேன். பள்ளிக்கூடக் கேட் சாவி யாரிடம்?

ராசாத்தி: சத்துணவு அக்காவிடம்

சத்துணவு அக்கா: என்னிடம் இல்லை. போன மாதமே பாண்டி அண்ணன் வாங்கிப்போனார். நெல் காயப்போட

டீக்கடை முருகன்: சாவி இல்லாமல்தான் ஆடு போச்சு, நானும் போனேன். பின்சுவர் இடிந்த பக்கமாக வாருங்கள் மாமா

சோலை மாமா: நான் ஏன் சுவர் ஏறணும். எனக்கு வயது 67

இரவு 9:26
பாண்டி சித்தப்பா: சாவியைத் திண்ணை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மோட்டார் பழசு ஒன்று களத்தில் கிடக்கிறது, அரை எச்.பி. ஓடுமா தெரியாது.

ராசாத்தி: சரிங்கண்ணே. பேரன்?

*பாண்டி சித்தப்பா எழுதுகிறார்...*

டீக்கடை முருகன்: எழுதுகிறார் எழுதுகிறார்

பாண்டி சித்தப்பா: மருமகளைக் கேட்டுச் சொல்கிறேன்.

இரவு 9:40
செல்வி அத்தை: தண்ணி வந்துருச்சு. குடம் வைக்கிறவங்க வாங்க