காலுக்கு இறங்கும் இடுப்பு வலி: எந்தப் பக்கம் வளைவது?

சிங்கப்பூரின் தெம்பனிஸ்வாசி ஒருவர்:

ஜூரோங் கிடங்கு ஒன்றில் பெட்டி தூக்கும் வேலை எனக்கு. கீழ்முதுகில் தொடங்கிய வலி பிட்டம், தொடை வழியாகக் கெண்டைக்கால்வரை இறங்கியபோது, பலதுறை மருந்தகத்து மருத்துவர் என்னை இயன்முறை சிகிச்சையாளரிடம் அனுப்பினார். தைலம் தடவி நீவிவிடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, தொடைகளின் நடுவே மரத்திருக்கிறதா, பாதத்தைத் தூக்க முடிகிறதா என்று முதலில் விசாரித்தார். அவற்றில் கோளாறு இருந்தால் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போகவேண்டும் என்றார்.

அதன்பின் குப்புறப் படுக்கவைத்து, முதலில் முழங்கைகளையும் பிறகு உள்ளங்கைகளையும் ஊன்றி, இடுப்பு மெத்தையைவிட்டு எழாமல் மார்பை மட்டும் உயர்த்தச் சொன்னார். ஒவ்வொரு பத்து முறைக்கும் நிறுத்தி, வலி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும் பிட்டத்துக்கும் ஏறியது. ஆனால் முதுகில் முன்னைவிடக் கடுத்தது. நான் நிறுத்தப் பார்த்தேன். வலி காலைவிட்டு முதுகுத்தண்டை நோக்கி ஒதுங்குவது நல்ல அறிகுறி என்று விளக்கிய அவர், நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சி 1950களில் ஒரு நோயாளியிடம் தற்செயலாகக் கவனித்ததிலிருந்து வளர்ந்த முறை இது என்றார். படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடவும் சொன்னார். கால்வலி அடங்கிய பிறகே பெட்டி தூக்கும் பாடம் வந்தது: தலை, நடுமுதுகு, வால் எலும்பு மூன்றிலும் ஒரு கோல் ஒட்டியிருக்க, இடுப்பு மூட்டில் மட்டும் மடிந்து குனியவேண்டும்.

ஹவ்காங்வாசி ஒருவர்:

குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் இதே பயிற்சியை அண்டை வீட்டார் சொல்லிச் செய்த என் அம்மாவுக்கு இரண்டு கால்களும் மரத்துவிட்டன. அவருக்கு இருப்பது முதுகுத்தண்டுக் குழாய்க் குறுகல், அதாவது முதுகுத்தண்டில் நரம்புகள் செல்லும் வழி இறுகிப்போவது. தேக்கா சந்தைக்குப் போனால் வழியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நடப்பார். பேரங்காடியில் தள்ளுவண்டிமேல் சாய்ந்துகொண்டால் மட்டும் சிரமமின்றிச் சுற்றிவருவார். (நாங்கள் அதைக் கடைக்குப் போகும் உற்சாகம் என்று கேலி செய்ததுண்டு.) பின்னால் வளைந்தால் அந்தக் குழாய் மேலும் நெருக்கும், முன்னால் குனிந்தால் சற்று இடம் விடும் என்று சொன்ன சிகிச்சையாளர், மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைப்பதையும் நிலைச் சைக்கிள் மிதிப்பதையும் கொடுத்தார். இப்போது அம்மா உட்காராமல் நடக்கும் தூரம் கூடியிருக்கிறது. பயிற்சியால் குறுகல் விரிந்துவிடாது என்பதையும் சிகிச்சையாளர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.